உப்புக் காற்றில் கார் விளக்கு: வீட்டிலேயே பல்பு மாற்றியவர்கள் சொல்லுங்கள்

உச்சிப்புளிக்காரன்:

எங்கள் வீட்டிலிருந்து கடல் ஒன்றரைக் கிலோமீட்டர் இருக்கும். கார் பத்து வயது தாண்டிய சின்ன ஹேட்ச்பேக். மழைக்கு மேலே தகரக் கூரை உண்டு, காற்றுக்கு எந்தப் பக்கமும் தடுப்பு இல்லை. இடது பின்பக்கப் பிரேக் விளக்குக்கு ஐந்து மாதத்தில் மூன்று பல்பு போட்டுவிட்டேன். ஒவ்வொன்றும் பத்துப் பதினைந்து நாள் எரிகிறது, அப்புறம் அணைந்துவிடுகிறது. பல்பு 30 ரூபாய்தான். அதற்காக ஏன் போகிறது என்று தெரிய வேண்டாமா?

மாற்றுவது பெரிய வித்தை இல்லை. டிக்கியைத் திறந்தால் விளக்கைப் பிடித்திருக்கும் இரண்டு ஸ்குரூ தெரியும். அவற்றைக் கழற்றி, விளக்கை நேராகப் பின்னால் இழுக்க வேண்டும். பக்கவாட்டில் நெம்பினால் உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் முளை ஒடியும். (எனக்கு ஒன்று ஒடிந்தது.) ஹோல்டரைத் திருகி எடுத்து, பல்பை அமுக்கித் திருப்பினால் கையோடு வந்துவிடும். அடியில் 21/5 வாட் என்று இருக்கும். 21 பிரேக்குக்கு, 5 இரவில் சும்மா எரிவதற்கு. இரண்டு இழையும் ஒரே கண்ணாடிக்குள். பித்தளைப் பக்கத்திலுள்ள இரண்டு முளைகளும் வேறு வேறு உயரத்தில் இருப்பதால் தலைகீழாக மாட்ட முடியாது, பலத்தைக் காட்டுகிறவர்களைத் தவிர.

இந்தத் தடவை கழற்றிய பல்பைத் தூக்கிப் போடாமல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். இரண்டு இழையும் அறுபடாமல் அப்படியே இருக்கின்றன. கண்ணாடியிலும் கருப்பு இல்லை. வலது பக்கம் மாட்டினால் பளிச்சென்று எரிகிறது. சரி, கரண்ட் வரவில்லை போல என்று வெறும் ஹோல்டரில் மல்டிமீட்டரை வைத்தேன். 12.3 வோல்ட். பல்பும் நல்லது, கரண்டும் வருகிறது, விளக்கு மட்டும் எரியாது. இது என்ன கணக்கு? உங்கள் வண்டிகளில் நடந்ததையும் எழுதுங்கள்.

ராமேஸ்வரம் டாக்ஸி:

தம்பி, வெறும் ஹோல்டரில் மீட்டர் 12 காட்டத்தான் செய்யும். மீட்டர் குடிக்கும் கரண்ட் ஒன்றுமே இல்லை, நூலளவு தொடுப்பு இருந்தாலே அதற்குப் போதும். பல்புக்குப் போதாது. 21 வாட் பல்பு ஏறக்குறைய ஒன்றே முக்கால் ஆம்ப் கேட்கும். நம் ஊர்த் தெருக்குழாயைத் திறந்ததும் புஸ்ஸென்று சத்தம் மட்டும் வருமே, குடம் நிரம்பாது. அந்தக் கதைதான் இதுவும்.

நல்ல பல்பை மாட்டுங்கள். வீட்டில் ஒருவரைப் பிரேக்கை மிதிக்கச் சொல்லுங்கள். மிதித்தபடி இருக்கும்போதே ஹோல்டரின் பின்பக்கம், வயர் நுழையும் இடத்தில் மீட்டர் வயர்களின் சிவப்பு, கருப்பு முள் இரண்டையும் விட்டுப் பாருங்கள். குறைவாகக் காட்டினால், சிவப்பு முள்ளை எடுக்காமல் கருப்பு முள்ளை மட்டும் பெயின்ட் இல்லாத பாடித் தகரத்தில் வையுங்கள். இப்போது 12 பக்கம் ஏறினால் கோளாறு வருகிற வழியில் இல்லை, திரும்பிப் போகிற வழியில், அதாவது எர்த்தில். ஏறாவிட்டால் வருகிற வழியில்தான்.

இன்னொன்று கேட்கிறேன். பிரேக் மிதிக்கும்போது அதே பக்கத்து இண்டிகேட்டரோ பார்க்கிங் விளக்கோ மங்கலாக மினுங்குகிறதா? எர்த் கெட்டால் கரண்ட் அடுத்த பல்பின் இழை வழியாகச் சுற்றிக்கொண்டு பாடித் தகரத்துக்குப் போகப் பார்க்கும்.

என் அனுபவம் பாம்பன் சாலைப் பாலத்தில். 2025 ஏப்ரலில் புது ரயில் பாலம் திறந்ததிலிருந்து வேடிக்கை பார்க்க நிறுத்துகிற கூட்டம் கூடிவிட்டது. முன்னால் போன வேன் திடீரென்று நின்றது. நானும் மிதித்தேன். பின்னால் வந்த ஐயப்ப பக்தர்கள் வண்டி என் டிக்கியிலிருந்து ஒரு சாண் தூரத்தில் வந்து நின்றது. அந்த டிரைவர் இறங்கி வந்து, "அண்ணே, உங்களுக்குப் பிரேக் லைட்டே எரியல" என்றார். திட்டியிருந்தால்கூட இவ்வளவு உறைத்திருக்காது. பாம்பன் பக்கம் இறங்கி ஓரங்கட்டி ஹோல்டரைக் கழற்றினேன். பூஜை அறையில் துலக்காமல் விட்ட செம்பு மாதிரி உள்ளே முழுக்கப் பச்சைக் களிம்பு. பல்பு இரண்டும் நல்ல பல்பு. பாலத்தில் ரெண்டு பக்கமும் கடல். தினம் நாலு நடை போகிற வண்டிக்கு வேறென்ன ஆகும்?

கீழக்கரை வண்டி:

நான் முன்விளக்கில் பட்டது. வாப்பா வாங்கிய பழைய செடான், ஹெச்4 ஹாலஜன் பல்பு, 60/55 வாட். இடது பக்கம் லோ பீம் (கீழே சாலையில் அடிக்கும் 55 வாட் இழை) போனது. இதில் நிஜமாகவே இழை அறுந்திருந்தது.

பானெட்டைத் திறந்து, பல்பில் செருகியிருக்கும் மூன்று கால் வயர் கப்ளரை இழுத்து, பின்னால் இருக்கும் ரப்பர் மூடியைக் கழற்றி, கம்பிக் கொக்கியை அமுக்கி விலக்கினால் பல்பு வரும். பல்பின் வளையத்தில் மூன்று காது இருக்கும், ஒன்று மற்றவற்றை விட அகலம். அது அதன் பள்ளத்தில் உட்கார்ந்தால்தான் ஒளி கீழே சாலையில் விழும். சரியாக உட்காராமல் கொக்கியைப் போட்டால் எதிரில் வருகிறவன் கண்ணில் அடிக்கும். பத்து நிமிஷ வேலை. எரிந்தது. மாமாவிடம் பெருமையாகச் சொன்னேன்.

நாலு மாசம் கழித்து ஆயில் பார்க்கப் பானெட்டைத் திறந்தால், பேட்டரிக்குப் பக்கத்தில் அந்த ரப்பர் மூடி உட்கார்ந்திருக்கிறது. மறந்தே போனேன். அந்த நாலு மாசமும் மேற்கேயிருந்து அடிக்கும் கச்சான் காற்று வேறு. ஹெட்லைட்டுக்குள் இருக்கும் வெள்ளிப்பூச்சு முழுக்கப் புரை விழுந்த கண் மாதிரி ஆகிவிட்டது. புது பல்பு போட்டும் வெளிச்சம் வரவில்லை. பல்புக்கு 180 ரூபாய், புது ஹெட்லைட்டுக்கு 3,800. மூடியைக் கழற்றினால் இப்போதெல்லாம் சட்டைப் பைக்குள்தான் வைக்கிறேன், அசிங்கமாக இருந்தாலும் பரவாயில்லை.

ஹாலஜன் பல்பின் கண்ணாடியைக் கையால் தொடாதீர்கள் என்று எல்லோரும் சொல்வார்கள். ஏன் என்று எங்கள் ஊர் எலக்ட்ரிகல் கடைக் காக்காதான் (அண்ணன்தான்) காட்டினார். கடையில் கிடந்த ஒரு பல்பில் கட்டைவிரல் அளவுக்கு வெள்ளைத் திட்டு, அந்த இடத்தில் கண்ணாடி லேசாகப் புடைத்திருந்தது. எரியும்போது அந்தக் குவார்ட்ஸ் கண்ணாடி பல நூறு டிகிரி சூடாகும். விரலின் எண்ணெயும் வியர்வை உப்பும் ஒட்டிய இடம் அந்தச் சூட்டில் பூத்துப்போகும். நம் கையில் உப்புக்கா பஞ்சம்? தப்பித் தவறித் தொட்டுவிட்டால் ஸ்பிரிட்டில் துணியை நனைத்துத் துடைத்துவிட்டு மாட்டுங்கள்.

மச்சான் ஒருத்தன் 100/90 வாட் போட்டான். ஈசிஆரில் ஆடும் மாடும் படுத்துக் கிடக்கிறது, வெளிச்சம் வேண்டும் என்றான். நியாயந்தான். ஆனால் 55 வாட் இழுப்பது 4.6 ஆம்ப், 90 வாட் இழுப்பது 7.5 ஆம்ப். வயரும் கப்ளரும் பழசு. ஏர்வாடி தாண்டுவதற்குள் பிளாஸ்டிக் தீயும் வாடை. கப்ளர் உருகிப் பல்போடு ஒட்டிக்கொண்டது.

தொண்டி டீச்சர்:

என் கதை நேர் எதிர். எரியவில்லை என்பதல்ல, அணையவில்லை.

விடியற்காலை நாலு மணிக்கு, கடலுக்குப் போகக் கிளம்பிய பக்கத்து வீட்டு அண்ணன் கதவைத் தட்டினார். "டீச்சர், வண்டிக்குப் பின்னாடி செவப்பா எரியுது. உள்ள யாரும் இருக்காங்களா?" என்றார். சாவி என் தலையணைக்குப் பக்கத்தில் இருக்கிறது. போய்ப் பார்த்தால் வெள்ளைக் காம்பவுண்டுச் சுவர் முழுக்கச் சிவப்பு. பிரேக் விளக்கு மூன்றும் எரிந்துகொண்டிருக்கின்றன. எப்போதிலிருந்து என்று தெரியவில்லை, பேட்டரி பாதி செத்திருந்தது.

அண்ணன்தான் செல்போன் டார்ச்சோடு ஸ்டீயரிங்குக்குக் கீழே தலையை விட்டார். மிதியடியில் உதிர்ந்து கிடந்த பிளாஸ்டிக் பொடியை எடுத்துக் காட்டினார். பிரேக் பெடலுக்கு மேலே ஒரு சின்ன சுவிட்ச் இருக்கிறது. பெடல் ஓய்வாக இருக்கும்போது சுவிட்சிலுள்ள முளையை, பெடலின் ஓட்டையில் மாட்டிய ஒரு பிளாஸ்டிக் பொத்தான் அமுக்கிக்கொண்டே இருக்கும், அதனால் விளக்கு அணைந்திருக்கும். வயசான பொத்தான் உதிர்ந்ததும் முளை அந்த ஓட்டைக்குள் நீட்டிக்கொண்டது. கால் வைத்திருப்பதாகவே வண்டி நினைக்கிறது. அண்ணன் பழைய ரப்பர் செருப்பில் ஒரு துண்டை வெட்டி அந்த ஓட்டையில் திணித்தார். விளக்கு அணைந்தது. "கடை தொறந்ததும் நல்லது போட்ருங்க" என்று சொல்லிவிட்டு அவர் வலைக்குப் போய்விட்டார். பொத்தான் 20 ரூபாய். செருப்புக்குத்தான் ஜோடி போனது.

அதிலிருந்து ஞாயிற்றுக்கிழமை இருட்டியதும் அதே சுவரைப் பார்த்து வண்டியைப் பின்னால் எடுத்து நிறுத்துவேன். கூட ஆள் கிடையாது. அப்பாவின் வத்தைத் (சின்னப் படகு) துடுப்பு உடைந்தது ஒன்று கிடக்கிறது. அதன் கைப்பிடித் துண்டைச் சீட்டுக்கும் பிரேக் பெடலுக்கும் நடுவில் முட்டுக் கொடுத்துவிட்டு இறங்கிப் பார்த்தால் மூன்றும் தெரியும். மூன்றும் ஒரேயடியாக எரியாவிட்டால் பல்பைத் தொட வேண்டாம், ஃப்யூஸ் அல்லது அந்தச் சுவிட்ச். மூன்று பல்பும் ஒரே நாளில் போகுமா என்ன? இண்டிகேட்டர் வழக்கத்தைவிடப் படபடவென்று அடித்தால் அந்தப் பக்கம் ஒன்று எரியவில்லை என்று அர்த்தம், அதற்குச் சுவர்கூட வேண்டாம், காதே போதும்.

வாலிநோக்கம் லாரி:

உப்பளத்து லோடு ஏற்றுகிறவன் நான், எங்களிடம் கேளுங்கள். களிம்பை உப்புத்தாள் போட்டுச் சுரண்டுங்கள். (பேரைப் பாருங்கள், உப்பை எடுக்க உப்புத்தாள்.) பொடியை ஊதிவிட்டு வாஸ்லினைத் தகடுகளில் மெல்லிசாகத் தடவி மாட்டுங்கள். கண்ணாடியில் படக் கூடாது. அப்பிவிடவும் கூடாது, காற்றுப் படாமல் இருக்கத்தான் அது. சுரண்டும்போது ஃப்யூஸையோ பேட்டரி வயரையோ எடுத்துவிடுங்கள். மழைக்காலம் தொடங்குவதற்கு முன் ஒரு தடவை, ஆடிக் காற்று முடிந்ததும் ஒரு தடவை. நான் பல்பு வாங்கி வருஷம் ரெண்டு ஆகிறது.

உச்சிப்புளிக்காரன்:

டாக்ஸி அண்ணே, சொன்ன மாதிரியே செய்தேன். பிரேக்கை மிதித்தபடி ஹோல்டரில் 8.7. கருப்பு முள்ளைப் பாடித் தகரத்துக்கு மாற்றினால் 11.9. எர்த்தேதான்.

இண்டிகேட்டர் மினுங்குகிறதா என்று கேட்டீர்களே. வீட்டில் ஒரு மாதம் முன்பே சொன்னார்கள், "பிரேக் போட்டா மஞ்ச லைட்டும் சேந்து எரியுதே" என்று. கண்ணைப் பரிசோதித்துக்கொள் என்று சொன்னவன் நான். இப்போது பிரேக்கை மிதித்ததும் அவர்தான். முகத்தைப் பார்க்கும் தைரியம் எனக்கு இல்லை.

கருப்பு வயரைப் பிடித்துக்கொண்டே போனேன். டிக்கிக் கம்பளத்துக்கு அடியில், ஸ்டெப்னிக்கு இடது பக்கம், பத்தாம் நம்பர் ஸ்பானர் போல்ட் ஒன்றில் முடிகிறது. கம்பளத்தைத் தூக்கினால் ஈரம். டிக்கி ரப்பர் ஒரு மூலையில் பிய்ந்து மழைத் தண்ணீர் இறங்கியிருக்கிறது. போல்டைக் கழற்றினால் வளையத்துக்கு அடியில் துரு, அதற்கு மேல் வெள்ளையாகப் பூத்த உப்பு, விரலில் எடுத்தால் மாவாக உதிர்கிறது. உப்புத்தாள் போட்டுத் தகரம் மின்னும் வரை தேய்த்தேன், வளையத்தையும் தேய்த்தேன், வாஸ்லின் போட்டு இறுக்கினேன். ஹோல்டரையும் சுத்தம் செய்தேன். இப்போது மிதித்தபடியே 11.8. அந்தப் பழைய பல்புதான் எரிகிறது.

முதல் இரண்டு பல்பையும் பார்க்காமலே எறிந்தேன், அவையும் நல்லவையாகத்தான் இருந்திருக்கும். ஒவ்வொரு தடவையும் விளக்கைக் கழற்றி மாட்டியபோது வயர் அசைந்து, துரு கொஞ்சம் உரசப்பட்டு, பத்து நாள் எரிந்திருக்கிறது. நான் புது பல்பைக் கும்பிட்டேன்.

அந்தச் சூட்டோடு நம்பர் பிளேட் விளக்கையும் கழற்றலாம் என்று உட்கார்ந்தேன். 5 வாட் பல்பு, செருகி இழுப்பதுதான். ஆனால் மூடியின் இரண்டு ஸ்குரூவும் துருவில் பிடித்துவிட்டன. ஒன்று வந்தது. மற்றதின் தலை தேய்ந்து வழவழவென்று ஆகிவிட்டது, திருப்புளி நிற்கவே மாட்டேன் என்கிறது.

ராமேஸ்வரம் டாக்ஸி:

இனிமேல் அதைத் தொடாதீர்கள். துருநீக்கியைத் தெளித்து ராத்திரி முழுக்க ஊற விடுங்கள். நாளைக்கு மதுரை ஏர்போர்ட் சவாரி, ஆறு மணிக்கெல்லாம் உச்சிப்புளியைத் தாண்டுவேன். சுத்தியலால் தட்டினால் திரும்புகிற திருப்புளி ஒன்று என் டிக்கியில் கிடக்கிறது. ரயில்வே கேட் பக்கம் நில்லுங்கள், கொடுத்துவிட்டுப் போகிறேன்.