கொரி மீன் வளர்க்க மட்டக்களப்புக் கல்லடிக் கிணத்துத் தண்ணி சரிவருமா?

கல்லடி_தொட்டி:
வணக்கம். 2 அடித் தொட்டி, அதில வெண்கலக் கொரி (அடியில மேயிற சின்னக் கெளிறு மீன், Corydoras) 6 விட்டிருக்கன். கிணத்துத் தண்ணிதான். பிஎச் (அமில-காரத் தன்மை, pH) 8.2, கேஎச் (காபனேற்றுக் கடினம், KH) 12 காட்டுது. கடையில தந்த பிஎச் குறைக்கிற மருந்தை விட்டா 7க்கு இறங்கும், விடிஞ்சு பார்த்தா திரும்ப 8. மருந்து விட்ட கையோட மீனெல்லாம் மேல பாய்ஞ்சு பாய்ஞ்சு காத்துக் குடிக்குது. அடியில கடற்கரை மணலும் சிப்பியும் போட்டிருக்கு. என்ன செய்யலாம்?

அக்கரை_மீன்:
வாதுமை இலை காஞ்சது ரெண்டு போட்டுப் பாருங்க. நான் அப்பிடித்தான் செய்யிறன்.

வாவிக்கரை:
கேஎச் 12 உள்ள தண்ணியில இலை போட்டு பிஎச் இறங்காது. தம்பி, முதல்ல அந்த மருந்தை நிப்பாட்டுங்க. அது அமிலம். தண்ணியில இருக்கிற பைகாபனேற்றோட சேர்ந்து காபனீரொட்சைட்டாகுது. அதாலதான் பிஎச் விழுது, மீனும் மூச்சுக்குத் தவிக்குது. இரவோட அந்த வாயு வெளியேறினதும் பிஎச் ஏறிடும். கொரி இடைக்கிடை மேல வந்து காத்தை விழுங்கிக் குடலால மூச்செடுக்கிறது அதின்ட இயல்புதான். ஆனா எல்லாம் ஒண்டா அடிக்கடி பாய்ஞ்சா தண்ணியில பிழை.

ரெண்டாவது, அந்த மணல்ல ஒரு பிடி எடுத்துக் கழுவிக் காயவிட்டு வினாகிரி ஒரு சொட்டு விடுங்க. சீறி நுரைச்சா சுண்ணாம்பு. அது கிடக்கும் வரைக்கும் பிஎச் கீழ வராது. ஆத்து மணலுக்கு மாத்துங்க. சிப்பித் துண்டு கொரியின்ட மீசையையும் தேய்ச்சுப் போடும்.

தொட்டியில வளர்த்தெடுத்த வெண்கலக் கொரி பிஎச் 8ஐத் தாங்கும். எனக்குப் பயம் மீன் கழிவிலயும் மிச்சத் தீனியிலயும் வாற அமோனியாவில. 28 பாகையில பிஎச் 7 எண்டா மொத்த அமோனியாவில நஞ்சான பங்கு 100க்கு 1 கூட இல்ல. பிஎச் 8 எண்டா 6, 7 ஆகிடும். வெக்கையான கச்சான் காத்தடிக்கிற மாசங்களில தண்ணி இன்னும் சுடும், அதோட நஞ்சும் கூடும். அதால தீனியைக் குறைச்சுப் போடுங்க. பில்டர் பஞ்சைத் தொட்டித் தண்ணியிலயே அலசுங்க, பைப் தண்ணியில குளோரின் இருக்கு, அமோனியாவை மாத்திற நல்ல பக்டீரியா செத்துப்போகும்.

கல்லடி_தொட்டி:
வினாகிரி விட்டதும் பொரிஞ்சு தள்ளுது அண்ணே! மணலை எடுக்கிறன். மழைத்தண்ணி கலக்கலாமா?

வாவிக்கரை:
நல்லாக் கலக்கலாம். ஓட்டுக்கூரைத் தண்ணி பிடிங்க, தகரக் கூரை வேணாம், நாகம் (துத்தநாகம்) கரைஞ்சு வரும். முதல் மழையை ஓடவிட்டுட்டுப் பிடிக்கணும். மழைத்தண்ணி 2 பங்கு, கிணத்துத் தண்ணி 1 பங்கு எண்டா கேஎச் 4 அளவில நிக்கும், அது போதும். தனி மழைத்தண்ணி விடாதீங்க, கேஎச் இல்லாட்டி பிஎச் சடாரெண்டு விழும். ஒரேயடியா மாத்தாம, கிழமைக்கு ஐஞ்சில ஒரு பங்கு மாத்துங்க.

மாரியில ரெண்டு பீப்பாய் நிரப்பி மூடி வைங்க. வெயில் காலத்தில வாவிப்பக்கக் கிணறெல்லாம் சவர் ஏறும், அப்ப அதுதான் கை கொடுக்கும். ஆவியாகிக் குறையிற தண்ணிக்கும் மழைத்தண்ணியே விடுங்க. கிணத்துத் தண்ணியால நிரப்பி நிரப்பி வந்தா உப்பு தொட்டியிலயே சேர்ந்துகொண்டு போகும்.

அக்கரை_மீன்:
எனக்குக் கிணறு இல்ல, பைப் தண்ணிதான். ராத்திரி முழுக்க வாளியில காத்து ஓடவிட்டா குளோரின் போகுமா?

வாவிக்கரை:
வெறும் குளோரின் எண்டா போகும். குளோரினும் அமோனியாவும் சேர்ந்த குளோரமீன் கலந்திருந்தா போகாது, அதுக்குக் குளோரின் எடுக்கிற மருந்து விடத்தான் வேணும்.