போர் தண்ணீரில் கறிவேப்பிலை கருகுகிறது, என்ன செய்யலாம்?

வீடு திருவொற்றியூரில், கடலிலிருந்து அரை கிலோமீட்டர்கூட இருக்காது. கொல்லையில் பத்துக்குப் பன்னிரண்டு அடி மண் தரை. கோடைக்குள் தோட்டமாக்கிவிடலாம் என்று மார்ச்சில் கறிவேப்பிலை, மல்லி, கத்தரி வைத்தேன். ஏப்ரல் கடைசியிலிருந்து இலை நுனி பழுப்பாகி, ஓரமெல்லாம் கருகுகிறது. பூச்சி எதுவும் கண்ணில் படவில்லை. மண் மேல் வெள்ளையாகப் பூத்திருக்கிறது; தொட்டு நாக்கில் வைத்தேன், உப்பேதான்.

ஊற்றுவது போர் தண்ணீர். தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளை அளக்கும் டிடிஎஸ் மீட்டரில் 2,400 காட்டுகிறது. லாரித் தண்ணீர் வீட்டுக்கே சரியாகப் போகிறது, செடிக்கு ஏது?

ஐம்பது சதவீத நிழல்வலை கட்டியாயிற்று. மண்புழு உரம், தென்னை நார்க்கழிவு மூடாக்கு, பக்கத்து வீட்டு அக்கா சொன்ன அரிசி கழுவின தண்ணீர், எல்லாம் பார்த்தாயிற்று. நர்சரிக்காரர் சொல்லி ஜிப்சமும் போட்டேன், மூன்று வாரமாகிறது. அப்புறம்தான் தெரிந்தது, அதைப் போட்டால் நல்ல தண்ணீர் விட்டு உப்பை அடியில் இறக்க வேண்டும் என்று. அதற்குத்தானே இத்தனை பாடு! வேலியோரப் பூவரசு மட்டும் ஜம்மென்று நிற்கிறது.

இதே போர் தண்ணீரை வைத்துக்கொண்டு, ஓரடி மண்ணை எடுத்துவிட்டுச் செம்மண் நிரப்பினால் கறிவேப்பிலை தேறுமா, இல்லை ஐப்பசி மழை வரை தொட்டிக்கு மாற்றிவிடுவதுதான் வழியா?