பழைய ஏர் ரைபிள் பேரல் பூரா துரு, வீட்லயே ப்ளூயிங் பண்ணலாமா?

செங்கோட்டைக்காரன்:
அண்ணாச்சிமாரே, தாத்தாவோட ஏர் ரைபிள் பரண்ல கெடந்துச்சு, கட்டை நல்லாருக்கு ஆனா பேரல் சிலிண்டர் பூரா செந்துரு, புனலூர்ல ஒருத்தர் கருப்பு பெயிண்ட் அடிச்சிரலாம்ங்கார், எனக்கு மனசே வரல. வீட்லயே ப்ளூயிங் (இரும்பு மேல கருநீலமா ஒரு படலம் ஏத்துறது) பண்ண முடியுமா?

லேத்பட்டறை:
பெயிண்ட் வேண்டாம்வே. மொதல்ல பிரிக்கணும், ஸ்பிரிங் அழுத்தத்துல இருக்கும், கிளாம்ப் போடாம பின்னை தட்டுனா மூஞ்சில வந்து அடிக்கும். பேரலை வெள்ளை வினிகர்ல ஒரு ராத்திரி ஊறப்போடும், துரு போயிரும், மிச்சமிருக்க பழைய ப்ளூயிங்கும் சேந்து போயிரும் (இது தெரியாம ஒரு நல்ல டிரிகர் கார்டை வெளுக்க வச்சவன் நான்). ஸ்பிரிங்கை மட்டும் அதுல போடாதேயும், ஆசிட்ல ஹைட்ரஜன் ஏறுனா படக்குனு ஒடிஞ்சிரும். அப்புறம் சோடா மாவு தண்ணில கழுவி 240, 400, 600னு எமெரி பேப்பர் வச்சு தேயும், நீளவாக்குல.

சாரல்தென்காசி:
அதுக்கப்புறம் எண்ணெய்ப்பசை போக அசிட்டோன்ல துடைக்கணும், துடைச்சப்புறம் வெறுங்கை படக்கூடாது, திட்டுத்திட்டா வரும். கோல்ட் ப்ளூ (சூடு பண்ணாம மருந்து தடவுற ப்ளூயிங்) சீக்கிரம் தேயும். பொறுமை இருந்தா ரஸ்ட் ப்ளூ தான், வேணும்னே துரு ஏத்தி கொதிக்கிற தண்ணில போட்டா செந்துரு கருப்பாயிரும், ஸ்டீல் வுல் வச்சு லேசா தேய்ச்சு மறுபடி மறுபடி, ஆறேழு தடவையாவது. நம்மூர் சாரல்ல துரு ஏத்த மெனக்கெடவே வேண்டாம்.

செங்கோட்டைக்காரன்:
ஸ்பிரிங் முந்தாநாள்லருந்து வினிகர்லதான் கெடக்கு அண்ணாச்சி...

லேத்பட்டறை:
தூரப் போடும்வே. புதுசு வாங்கும்.