சிறிய கோப்பு வருகிறது, பெரிய கோப்பு உறைந்து நிற்கிறது: வீட்டு இணைப்பில் என்ன கோளாறு?

பத்தமடைக்காரன் (வியாழன், இரவு 10:20)

மூன்று நாட்களாக மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறேன். யாராவது கைகொடுங்கள்.

சென்னையில் இருக்கும் ஒரு நிறுவனத்துக்குப் பத்தமடையில் என் வீட்டில் இருந்தபடியே நிரல் எழுதுகிறேன். கண்ணாடி இழை இணைப்பு. போன திங்கட்கிழமை மாலை இடித்த இடியில் பழைய ரவுட்டர் போய்விட்டது. (இழையில் மின்னல் ஏறாது என்று எனக்கும் தெரியும். கரண்ட் கம்பி வழியாக அடாப்டருக்குள் வந்திருக்கிறது.) மறுநாள் இணைப்புக்காரர் புதுப்பெட்டி ஒன்றை மாட்டிவிட்டுப் போனார். அன்றைக்குப் பிடித்தது சனி.

இணையம் இல்லை என்று சொல்லவும் முடியவில்லை. வீடியோ தங்குதடையின்றி ஓடுகிறது. 100 எம்பிபிஎஸ் திட்டத்துக்கு 96 வருகிறது. அலுவலக சர்வருக்குள் எஸ்எஸ்எச் வழியாக (தொலைவில் இருந்தே கட்டளை கொடுக்கும் பாதுகாப்பான வழி) நுழைய முடிகிறது. தேதி கேட்டால் சொல்கிறது, நாலு வரிக் கோப்பைத் திறந்தால் திறக்கிறது. கொஞ்சம் நீளமான பதிவுக் கோப்பைத் திறந்தால் திரை அப்படியே உறைந்துவிடுகிறது. நிரல்களைச் சேர்த்து வைக்கும் கிட் களஞ்சியத்தில் இருந்து மற்றவர்கள் செய்த மாற்றங்களை இறக்கப் போனாலும் அதே கதை. இதில் வேடிக்கை, நான் அனுப்புவது எவ்வளவு பெரிதாக இருந்தாலும் போய்விடுகிறது. வருவதுதான் வரமாட்டேன் என்கிறது.

மொபைல் ஹாட்ஸ்பாட்டில் எல்லாம் சரியாக இருக்கிறது. அலுவலகத்தில் கேட்டால் "உங்கள் ஊர் இணைப்பு அப்படி" என்கிறார்கள். இணைப்புக்காரரோ "வேகம் வருகிறதே தம்பி, இன்னும் என்ன வேண்டும்?" என்று கேட்கிறார்.

ரவுட்டரை எட்டு முறையாவது அணைத்துப் போட்டிருப்பேன். வைஃபையை விட்டுவிட்டுக் கம்பியில் இணைத்தும் பார்த்தேன். எஸ்எஸ்எச் சாவியைக்கூடப் புதிதாக உருவாக்கினேன், ஏன் என்று மட்டும் கேட்காதீர்கள். கணினியில் உபுண்டு.

குற்றாலச் சாரல் (வியாழன், இரவு 10:41)

பெட்டியில் சிவப்பு விளக்கு சிமிட்டுகிறதா? ரவுட்டரின் பக்கத்துக்குள் போய், வந்து சேரும் ஒளியின் அளவு எத்தனை டிபிஎம் என்று பாருங்கள். -27-ஐத் தாண்டிக் கீழே போயிருந்தால் இழை எங்கோ மடங்கியிருக்கிறது என்று அர்த்தம். எங்கள் தென்காசிப் பக்கம் காற்றடித்துத் தென்னை மட்டை விழுந்தால் முதலில் போவது இதுதான்.

பத்தமடைக்காரன் (வியாழன், இரவு 10:55)

சிவப்பு விளக்கு இல்லை. -19 காட்டுகிறது.

குற்றாலச் சாரல் (வியாழன், இரவு 10:57)

அப்படியென்றால் இழை நன்றாகவே இருக்கிறது. நான் ஒதுங்கிக்கொள்கிறேன்.

வைகறை நிரலர் (வியாழன், இரவு 11:30)

டிஎன்எஸ் முகவரியை மாற்றிப் பாருங்கள். எனக்கு எப்போதும் அதில்தான் சரியாகும்.

ஜங்ஷன் அண்ணாச்சி (வெள்ளி, காலை 6:15)

டிஎன்எஸ் பெயரை எண்ணாக மாற்றித் தருவதோடு தன் வேலையை முடித்துக்கொள்ளும். தம்பி சர்வருக்குள் நுழைந்து கட்டளையே கொடுத்துவிட்டார். அதற்குப் பிறகு டிஎன்எஸ்ஸைக் குறை சொல்வது, கல்யாண வீட்டில் சாப்பாடு சரியில்லை என்று பத்திரிகை அச்சடித்தவரைப் பிடிப்பது போல.

பத்தமடைத் தம்பி, சிறியது வருகிறது, பெரியது வரவில்லை என்று நீங்களே விடையைப் பாதி எழுதிவிட்டீர்கள். ஒன்று செய்யுங்கள். வெளியில் இருக்கும் ஏதாவது ஒரு பொது முகவரிக்கு, 1.1.1.1 என்றே வைத்துக்கொள்ளுங்கள், பிங் அனுப்புங்கள், அதாவது பதில் கேட்கும் ஒரு சோதனைப் பொதி (தரவு பயணிக்கும் சிறு மூட்டை). ஆனால் பொதியைத் துண்டாக்கக் கூடாது என்ற குறியோடு அனுப்ப வேண்டும். உபுண்டுவில் பெரிய எழுத்து எம் குறிக்கு எதிரே "டூ" என்றும், சிறிய எழுத்து எஸ் குறிக்கு எதிரே அளவையும் கொடுங்கள். முதலில் 1472. பிறகு 1464. பதில் எதற்கு வருகிறது என்று சொல்லுங்கள். இதை வீட்டு இணைப்பில் செய்ய வேண்டும், ஹாட்ஸ்பாட்டில் அல்ல.

பத்தமடைக்காரன் (வெள்ளி, காலை 8:02)

1472 போகவில்லை. 1464 போகிறது. ஆசை யாரை விட்டது, 1465-ஐயும் கொடுத்துப் பார்த்தேன் அண்ணாச்சி. போகவில்லை! ஒரே ஒரு பைட்டில் உயிர் போகிறது. இது என்ன கணக்கு?

ஜங்ஷன் அண்ணாச்சி (வெள்ளி, காலை 9:10)

நான் நினைத்த கணக்குதான். 1464-உடன் தலைப்புகளுக்கான (பொதியின் முன்னால் ஒட்டும் முகவரி முதலிய விவரங்கள்) 28 பைட்டைக் கூட்டினால் 1492. ஈதர்நெட்டில் ஒரு பொதி 1500 பைட் வரை இருக்கலாம். உங்கள் புதுப்பெட்டி பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்து இணைகிறது அல்லவா? அந்த முறைக்குப் பிபிபிஓஇ என்று பெயர். அது ஒவ்வொரு பொதியிலும் 8 பைட்டைத் தனக்கென்று எடுத்துக்கொள்ளும். மிச்சம் 1492.

பிசான அறுப்பு முடிந்ததும் வைக்கோல் ஏற்றிய லாரிகள் புளியரை வழியாகக் கேரளத்துக்குப் போவதைப் பார்த்திருப்பீர்கள். ரயில் பாலத்தடியில் புகும் சாலைகளில் உயரத்தை மட்டுப்படுத்த ஓர் இரும்புச் சட்டம் நட்டிருப்பார்கள். அதைவிட ஒரு சாண் உயரமாக ஏற்றினாலும் லாரி போகாது, சைக்கிள் எத்தனை வேண்டுமானாலும் போகும். உங்கள் குறுங்கட்டளைகளுக்கு வரும் பதில்கள் சைக்கிள்கள். பதிவுக் கோப்பு வைக்கோல் லாரி.

சரி, லாரிக்காரருக்குச் சட்டத்தின் உயரம் ஏன் தெரியவில்லை? இணைப்பு தொடங்கும்போதே உங்கள் கணினி, "ஒரு பொதியில் 1460 பைட் தரவு வரை ஏற்றலாம்" என்று சர்வரிடம் சொல்லிவிடுகிறது. இதுதான் எம்எஸ்எஸ். 1500-இல் ஐபி தலைப்புக்கு 20, டிசிபி தலைப்புக்கு 20 கழித்த எண். கணினிக்குத் தெரிந்தது ரவுட்டர் வரைக்கும் உள்ள கம்பி மட்டுமே, அங்கே 1500 போகும். சர்வர் அதை நம்பி, "பிரிக்காதே" என்ற முத்திரையோடு முழு 1500 ஏற்றி அனுப்புகிறது. இணைப்புக்காரரின் முனையில் அது 1492-க்குள் நுழையவில்லை. பொதியைத் தூக்கி எறிந்துவிட்டு, "பெரிதாக இருக்கிறது, 1492 வரைதான்" என்று அனுப்பியவருக்கே ஐசிஎம்பியில் (வலையமைப்பில் பிழைச் செய்திகள் போகும் முறை) ஒரு சீட்டு எழுதிப் போட வேண்டும். 1990 முதல் இருக்கும் ஏற்பாடு இது.

அந்தச் சீட்டைத்தான் உங்கள் அலுவலக ஃபயர்வால் கிழித்துப் போடுகிறது என்று சந்தேகிக்கிறேன். பாதுகாப்பு என்று சொல்லி ஐசிஎம்பி மொத்தத்தையும் அடைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். சீட்டு வராத சர்வர் அதே லாரியைத் திரும்பத் திரும்ப அனுப்பிக்கொண்டிருக்கும். நீங்கள் உறைந்த திரையைப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள்.

பத்தமடைக்காரன் (வெள்ளி, காலை 9:31)

ஒரு சந்தேகம். அப்படியானால் நான் அனுப்புவது மட்டும் எப்படிப் போகிறது? பழைய ரவுட்டரில் ஏன் இந்தத் தொல்லை இல்லை?

ஜங்ஷன் அண்ணாச்சி (வெள்ளி, காலை 9:50)

நீங்கள் அனுப்பும்போது சட்டம் உங்கள் வீட்டு வாசலிலேயே, ரவுட்டரில் இருக்கிறது. சீட்டு ரவுட்டரில் இருந்து நேராகக் கணினிக்கு வருகிறது, நடுவில் கிழிக்க ஆள் இல்லை.

பழைய ரவுட்டர் உங்கள் கணினி சொன்ன 1460-ஐப் போகிற வழியிலேயே 1452 என்று திருத்தி அனுப்பியிருக்கும். எம்எஸ்எஸ் கிளாம்ப் என்பார்கள். மொபைல் வலையமைப்புகளிலும் பெரும்பாலும் இந்தத் திருத்தம் நடக்கிறது. புதுப்பெட்டியில் அது அணைந்திருக்க வேண்டும். மற்றத் தளங்களில் பல அந்தச் சீட்டை மரியாதையாக வாங்கிப் படித்துவிடுகின்றன, ஆகவே உங்களுக்கு வேறெங்கும் உறைக்கவில்லை.

இப்போதைக்கு உபுண்டுவின் இணைப்பு அமைப்பில் எம்டியு (ஒரு பொதியின் அதிகபட்ச அளவு) என்ற பெட்டியில் "தானியங்கி" என்று இருப்பதை 1492 ஆக்கி, இணைப்பைத் துண்டித்து மறுபடி போடுங்கள்.

கொக்கிரகுளம் (வெள்ளி, காலை 10:20)

அலுவலக ஃபயர்வாலைத் திருத்தச் சொல்வதுதான் முறை. ஐசிஎம்பி முழுவதையும் திறக்க வேண்டாம், அண்ணாச்சி சொன்ன சீட்டுக்கான வகை 3 குறியீடு 4 மட்டும் போதும். ரவுட்டரில் ஒட்டுப் போடுவது தலைவலிக்குத் தலையணையை மாற்றுவது போல.

ஜங்ஷன் அண்ணாச்சி (வெள்ளி, காலை 10:26)

முறை அதுதான், மறுக்கவில்லை. பெரிய அலுவலகத்தின் ஃபயர்வாலில் ஒரு வரியை மாற்ற எத்தனை பேரின் ஒப்புதல் வேண்டும் என்று அங்கே வேலை செய்தவருக்குத் தெரியும். தம்பிக்கு இன்று வேலை நடக்க வேண்டும்.

பத்தமடைக்காரன் (வெள்ளி, காலை 11:05)

வந்துவிட்டது! மூன்று நாள் மாற்றங்கள் நாற்பது வினாடியில் இறங்கிவிட்டன. அண்ணாச்சி, உங்களுக்கு ஒரு பத்தமடைப் பாய் கடன்பட்டிருக்கிறேன், கோரையில் நெய்த நல்ல பட்டுப்பாயாக.

ஜங்ஷன் அண்ணாச்சி (வெள்ளி, காலை 11:12)

பாய் இருக்கட்டும். இது உங்கள் கணினி ஒன்றுக்கு மட்டும்தான். வீட்டில் இருக்கும் மொபைல்களில் இந்த எண்ணை எளிதில் மாற்ற முடியாது. இணைப்புக்காரரிடம் சொல்லி ரவுட்டரிலேயே கிளாம்ப்பைப் போடச் சொல்லுங்கள். "வேகம் வரவில்லை" என்று ஆரம்பிக்காதீர்கள், மறுபடியும் வேகச் சோதனை காட்டுவார். 1464 போகிறது, 1465 போகவில்லை என்று கண்முன்னே செய்து காட்டுங்கள்.

பத்தமடைக்காரன் (ஞாயிறு, மாலை 5:40)

கடைசி நிலவரம். நேற்று அவர் வந்தார். பிங்கைக் காட்டியதும் பேசாமல் உட்கார்ந்து ரவுட்டரின் பக்கங்களைப் புரட்டி, மூன்றாவது அடுக்கில் ஒளிந்திருந்த அந்தத் தேர்வைக் கண்டுபிடித்துப் போட்டுவிட்டார். கணினியில் எம்டியுவைத் தானியங்கிக்கே திருப்பிவிட்டேன், இறங்குகிறது. அலுவலகத்துக்கும் கொக்கிரகுளம் சொன்ன குறியீட்டோடு ஒரு மின்னஞ்சல் போட்டிருக்கிறேன். "பரிசீலனையில் உள்ளது" என்று பதில் வந்திருக்கிறது.

எதிர்வீட்டு அக்காவுக்கும் அதே இடியில் பெட்டி போய், அதே புதுப்பெட்டிதான் மாட்டியிருந்தார்கள். ஏதோ ஒரு வங்கியின் தளம் மட்டும் திறக்கவில்லை என்று அவர் இரண்டு முறை மொபைலையே கடையில் கொடுத்து வாங்கியிருக்கிறார். வாசலில் நின்று எங்கள் பேச்சைக் கேட்டவர், இணைப்புக்காரரைக் கையோடு கூட்டிப் போய்விட்டார். ஐந்து நிமிடத்தில் தளம் திறந்துவிட்டது. "என்ன தம்பி கோளாறு?" என்று கேட்டார். வைக்கோல் லாரி என்றேன். கடைக்காரருக்குக் கொடுத்த 300 ரூபாயை யாரிடம் கேட்பது என்று இப்போது என்னிடம் கேட்டுக்கொண்டிருக்கிறார்.