சூடோமோனாஸ், பேசில்லஸ்: நம்ம கடலோர மண்ணில் எது, எப்போது?

பயிர் நோயைத் தடுக்கும் இந்த இரண்டு நல்ல பாக்டீரியாக்களைப் பற்றி ராமநாதபுரம் மாவட்ட விவசாயிகள் ஊர்வாரியாகச் சொல்வது:

கடலாடி, முண்டு மிளகாய்:

நாற்றழுகலுக்கு சூடோமோனாஸ் ஃப்ளூரசன்ஸ் பவுடர் நன்றாகக் கேட்கும். ஆனால் அது உயிருள்ள பாக்டீரியா கலந்த சரக்கு. "போட்டும் கேட்கலை" என்கிற இடங்களில் முதலில் தண்ணீரைத்தான் பார்க்க வேண்டும்.

விதைக்கு கிலோவுக்கு 10 கிராம். ஏக்கருக்கு 400 கிராம் விதை என்றால் 4 கிராம் போதும். ஆறிய வடிகஞ்சியை விதை லேசாக நனையும் அளவு மட்டும் தெளித்துப் புரட்டி, பவுடரைத் தூவி, நிழலில் அரை மணி நேரம் உலர்த்தி அன்றைக்கே விதைத்துவிட வேண்டும். கஞ்சி கூடினால் விதை கட்டி கட்டியாகிவிடும், முளைப்பும் திட்டுத் திட்டாக வரும். நடும்போது லிட்டருக்கு 5 கிராம் கரைத்து, நாற்றின் வேரை அரை மணி நேரம் ஊற வைக்கணும்.

கரைக்க ஊரணித் தண்ணீர் நல்லது. போர் தண்ணீரின் லேசான உப்பைப் பாக்டீரியா தாங்கிக்கொள்ளும், இளம் வேர்தான் தாங்காது. குழாயில் வரும் காவிரித் தண்ணீரை அப்படியே பிடித்துக் கலக்கக் கூடாது, அதில் உள்ள குளோரின் கிருமியைக் கொல்லத்தானே போடப்படுகிறது! திறந்த டிரம்மில் ஒரு நாள் வைத்திருந்து பிறகு கலக்குங்கள்.

திருவாடானை, மானாவாரி நெல்:

கடலாடி அண்ணே சொன்னது நாற்றங்காலுக்குச் சரி. புழுதி விதைப்புக்கு அப்படியே செய்தால் பவுடர் வீண். மழையை எதிர்பார்த்து விதை பல நாள் காய்ந்த மண்ணில் கிடக்கும். சூடோமோனாஸ் வித்து (வறட்சியைத் தாங்கி உறங்கும் நிலை) உண்டாக்காத பாக்டீரியா, அந்தச் சூட்டிலும் வறட்சியிலும் பெரும்பகுதி செத்துப்போகும். பேசில்லஸ் சப்டிலிஸ் அப்படியில்லை. கெட்டியான வித்தாக மாறிக் காத்திருந்து, ஈரம் பட்டதும் விழிக்கும். அதனால் புழுதி விதைப்புக்கு பேசில்லஸ், கிலோ விதைக்கு 10 கிராம்.

சூடோமோனாஸை மழைக்குப் பிறகு கொடுங்கள். மண் ஈரமாக இருக்கும்போது ஏக்கருக்கு 1 கிலோவை 20 கிலோ மக்கிய தொழுவுரத்தில் கலந்து, வெயில் தாழ்ந்தபின் வீசலாம். உரம் நன்றாக மக்கியிருக்க வேண்டும். பச்சைச் சாணம் குவியலில் சூடேறும், கையை உள்ளே விட்டால் தெரியும். அந்தச் சூடே பாக்டீரியாவை முடித்துவிடும்.

குலை நோய்க்கு லிட்டருக்கு 5 கிராம், 10 நாள் இடைவெளியில் மாலையில் தெளிப்பு. இலையில் கண் வடிவப் புள்ளி பரவியபிறகு இதை மட்டும் நம்பி இருக்காதீர்கள். இது வருமுன் காக்கிறது, வந்ததை விரட்டுவதில்லை.

சாயல்குடி:

மிளகாய் வாடுகிறது, எதைப் போடலாம் என்று கேட்பவர்கள் முதலில் ஒரு செடியைப் பிடுங்குங்கள். தண்டின் அடிப்பகுதியை வெட்டி, கண்ணாடி டம்ளரில் தெளிந்த தண்ணீர் ஊற்றி, வெட்டுமுனை மட்டும் நனையும்படி பிடியுங்கள். சில நிமிடத்தில் பால் நூல் மாதிரி வெள்ளையாக இறங்கினால் அது பாக்டீரியா வாடல். ஒன்றும் இறங்காமல், தண்டைப் பிளந்தால் உள்ளே பழுப்புக் கோடு ஓடியிருந்தால் பெரும்பாலும் பியூசேரியம் பூஞ்சை. இரண்டிலும் வாடிய செடி மீளாது. அதைப் பிடுங்கி எரித்துவிட்டு, பக்கத்துச் செடிகளின் வேரில் லிட்டருக்கு 5 கிராம் சூடோமோனாஸ் கரைத்து ஊற்றுங்கள்.

இலைச்சுருட்டலுக்கு இதை வாங்காதீர்கள். அது இலைப்பேனாலோ, வெள்ளை ஈ பரப்பும் வைரஸாலோ வருவது.

ஆர்.எஸ்.மங்கலம்:

இன்னொன்று சேர்க்கிறேன். நம்ம மண் பல இடத்தில் காரத்தன்மை உள்ளது, இரும்புச்சத்து எளிதில் கரையாது. சூடோமோனாஸ் ஒருவகைப் பொருளைச் சுரந்து, இருக்கிற கொஞ்ச இரும்பையும் பற்றிக்கொள்ளும். அழுகல் பூஞ்சைக்கு இரும்பு கிடைக்காமல் போகும். இரும்பு அரிதான மண்ணில் இந்தப் போட்டி இன்னும் நன்றாக வேலை செய்யும். இதைத் தவிர பூஞ்சைக்கு எதிரான பொருட்களையும் சுரக்கிறது, செடியின் எதிர்ப்புச் சக்தியையும் தூண்டுகிறது.

காப்பர் ஆக்சிகுளோரைடு, போர்டோ கலவை என்ற தாமிரப் பூஞ்சைக்கொல்லிகள் இரண்டோடும் இதைக் கலக்கவே கூடாது. தாமிரம் தெளித்திருந்தால் 10 முதல் 15 நாள் இடைவெளி விடுங்கள். தாமிரம் அடித்த டேங்கையும் நன்றாகக் கழுவிய பிறகே இதற்கு எடுக்கணும். தழைச்சத்து தரும் நுண்ணுயிர் உரமான அசோஸ்பைரில்லம் சேர்க்கலாம்.

டால்க் மாவில் கலந்து வரும் சூடோமோனாஸ் பவுடரின் ஆயுள் 3, 4 மாதம்தான். பாக்கெட்டில் தயாரித்த தேதியைப் பாருங்கள். தகரக் கூரைக்கு அடியில் வெயிலில் அடுக்கியிருந்தால், தேதி சரியாக இருந்தாலும் வாங்காதீர்கள். விரலால் அழுத்தினால் பாக்கெட்டுக்குள் கட்டி தட்டுப்பட்டாலும் வேண்டாம். பிரித்த பாக்கெட்டை அடுத்த பட்டத்துக்கு வைக்காமல் தொழுவுரத்தில் கலந்து ஈர மண்ணில் போட்டுவிடுங்கள்.