ஃபஸ் ஒலி யாருடையது: கிரேடி மார்ட்டினா, பழுதான டிரான்ஸ்பார்மரா?

சால்டரிங்சாமி:
நேற்று இங்கே ஒருவர் எழுதியிருந்தார்: "ராக் இசைக்கு ஃபஸ் ஒலியை, அதாவது கிடாரின் அந்தக் கரகர உறுமலை, கண்டுபிடித்துக் கொடுத்தவர் கிடார்காரர் கிரேடி மார்ட்டின்." படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. அமெரிக்காவில் நாஷ்வில் ஸ்டுடியோவில் கன்ட்ரி பாடகர் மார்ட்டி ராபின்ஸ் பாடிய 'டோன்ட் வொரி' பதிவு. ஒலிப்பதிவு மேசையில் மார்ட்டினின் ஆறு தந்தி பேஸ் கிடார் போன சேனலில் (அதன் ஒலி போகும் வழியில்) டிரான்ஸ்பார்மர் பழுதாகிவிட்டது. ஒலி கரகரத்தது. இதில் அவர் கண்டுபிடித்தது என்ன? ஃபியூஸ் போன வீட்டில் உட்கார்ந்துகொண்டு இருட்டைக் கண்டுபிடித்தேன் என்பது போல இருக்கிறது.

ஆறுதந்தி:
அந்த "ஒருவர்" நான்தான். பெயரைச் சொல்லியே திட்டலாம். பாட்டைக் கேட்டீர்களா இல்லையா? சாந்தமாகப் போய்க்கொண்டிருக்கும், நடுவில் பாட்டிலுக்குள் மாட்டிக்கொண்ட வண்டு மாதிரி அந்த பேஸ் உறுமும். அத்தனை கரகரப்பிலும் வரி அழகாக நடக்கிறது. அதே சேனலில் நீங்கள் வாசித்திருந்தால் "பழுது, மறுபடி எடுங்கள்" என்று சொல்லி டேப்பை அழித்திருப்பார்கள். 1961-இல் கன்ட்ரி இசைப் பட்டியலில் 10 வாரம் முதலிடம் அந்தப் பாட்டு.

சால்டரிங்சாமி:
10 வாரம் இருந்ததும் டிரான்ஸ்பார்மரால்தான். ஒலிப்பதிவாளர் கிளென் ஸ்னாடி பழுது என்ன என்று பார்த்தார், அதே ஒலி வருகிற மாதிரி டிரான்சிஸ்டர் சர்க்யூட் கட்டினார், கிடார் கம்பெனி கிப்ஸனிடம் கொண்டுபோனார். 1962-இல் மேஸ்ட்ரோ ஃபஸ் டோன் என்ற கரகரப்புப் பெட்டியாக அது கடைக்கு வந்தது. 1965-இல் ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் கீத் ரிச்சர்ட்ஸ் 'சாட்டிஸ்ஃபாக்‌ஷன்' பாட்டில் காலால் மிதித்தது அந்தப் பெட்டியைத்தான். கண்டுபிடித்தவர் ஸ்னாடி. மார்ட்டின் கிடாரை மாட்டினார், அவ்வளவுதான்.

நாஷ்வில்நடேசன்:
"மாட்டினார் அவ்வளவுதான்" என்பதைக் கொஞ்சம் வாபஸ் வாங்குங்கள் ஐயா. 1929-இல் டென்னசியில் சேப்பல் ஹில் என்ற சிற்றூரில் பிறந்து, பதின்ம வயதிலேயே நாஷ்வில் வானொலியில் வாசிக்க வந்தவர். மார்ட்டி ராபின்ஸின் 'எல் பாஸோ' பாட்டில் குரலைச் சுற்றிச் சுற்றி வருகிற அந்த நைலான் தந்தி கிடார் யாருடையது? லொரெட்டா லின், பிரெண்டா லீ, ராய் ஆர்பிசன் என்று பெரிய பாடகர்கள் எல்லாருக்கும் வாசித்தவர். மூன்று மணி நேரம் ஒரு செஷன் (ஒலிப்பதிவு அமர்வு), அதற்குள் மூன்று நான்கு பாட்டு முடியவேண்டும். ஸ்வரத்தாள் கிடையாது. பாட்டை ஒருதடவை கேட்டதும் அந்த இடத்திலேயே வாசிப்பை உண்டாக்க வேண்டும். அப்புறம் இசைத்தட்டு உறையில் பெயரும் வராது.

சால்டரிங்சாமி:
அவர் நல்ல வாசிப்பாளர் இல்லை என்று நான் எங்கே சொன்னேன்? டிரான்ஸ்பார்மர் பழுதா இல்லையா? ஆம், இல்லை என்று ஒரு வார்த்தையில் பதில் வரட்டும்.

கிராமபோன்குமார்:
இருவருமே தப்பு. 1951-இலேயே 'ராக்கெட் 88' பதிவில் கிடார்காரர் வில்லி கிஸார்ட்டின் ஆம்ப் (ஒலிபெருக்கி) அடிபட்டுக் கரகரத்தது. 1956-இல் ஜானி பர்னெட் குழுவின் 'டிரெய்ன் கெப்ட் எ ரோலின்' வந்தது. அதன் கிடாரில் உறுமல் நன்றாகவே கேட்கிறது.

ஆறுதந்தி:
வாருங்கள், உங்களைத்தான் எதிர்பார்த்தேன். 1956 பதிவில் வாசித்ததே மார்ட்டின்தான் என்று ஒரு கட்சி உண்டு, தெரியுமா?

கிராமபோன்குமார்:
பால் பர்லிசன்! குழுவின் கிடார்காரர் அவர். ஊருக்கு வந்த செஷன் ஆளுக்கு எல்லாவற்றையும் எழுதிவைக்கிற வியாதி நாஷ்வில் ரசிகர்களுக்கு எப்போதுமே உண்டு. போன வருஷம் ஆர்பிசனின் 'ஓ பிரெட்டி உமன்' பாட்டைப் பற்றிய சண்டையிலும் இதே கதைதான். அதில் வாசித்தது நாலைந்து கிடார்காரர்கள், நீங்கள் மட்டும் ஒரே பெயரைப் பிடித்துத் தொங்கினீர்கள்.

நாஷ்வில்நடேசன்:
வியாதியா? வயதுக்காவது மரியாதை கொடுங்கள் தம்பி. நான் இந்த இசைத்தட்டுகளைத் தேடித் திரிந்தபோது நீங்கள் பிறந்திருக்கவே மாட்டீர்கள்.

சால்டரிங்சாமி:
வயதை விடுங்கள். டிரான்ஸ்பார்மர்.

ஆறுதந்தி:
சரி, ஆம், பழுது! போதுமா? ஆனால் அதே 1961-இல் 'த ஃபஸ்' என்று பெயர் வைத்தே தனியாக ஓர் இசைத்துண்டு வெளியிட்டார் மார்ட்டின். பழுதைத் தெரிந்தே மறுபடி வாசித்தவருக்குப் பங்கு இல்லையா? பின்னால் கன்ட்ரி பாடகர் வில்லி நெல்சன் குழுவில் வருஷக்கணக்காகச் சுற்றினார், 2001-இல் இறந்தார். 2015-இல்தான் கன்ட்ரி இசைக்காரர்களின் புகழ் மண்டபமான கன்ட்ரி மியூசிக் ஹால் ஆஃப் ஃபேமில் சேர்த்தார்கள். டிரான்ஸ்பார்மரைச் சேர்க்கவில்லை.

சால்டரிங்சாமி:
"ஆம், பழுது" என்று ஒப்புக்கொண்டதைக் குறித்துக்கொண்டேன். அந்தச் சேனல் அப்புறம் முழுக்கச் செத்துப்போனது, அதனால்தான் ஸ்னாடி சர்க்யூட் கட்ட வேண்டிவந்தது. மார்ட்டினின் விரல்தான் காரணமென்றால் சேனல் செத்த பிறகும் அதே ஒலி வந்திருக்க வேண்டுமே, ஏன் வரவில்லை?

கிராமபோன்குமார்:
சாமி, விரலைப் பற்றி நீங்கள் பேசவேண்டாம். மூன்று வருஷம் முன்னால் என்னிடம் வாங்கிப்போன மார்ட்டி ராபின்ஸ் எல்.பி. ஞாபகம் இருக்கிறதா? இரண்டாம் பக்கத்தில் கட்டைவிரல் நீளத்துக்குக் கீறல். கேட்டதற்கு "அதுவும் ஒரு ஃபஸ்தான்" என்று சிரித்தீர்கள்.

நாஷ்வில்நடேசன்:
அடடா, இது எனக்குத் தெரியாதே!

சால்டரிங்சாமி:
கீறல் நான் வாங்கும்போதே இருந்தது. டிரான்ஸ்பார்மர் விஷயத்துக்கு வாருங்கள்.