டி5 கேம்பர் வேனோட உயரத்தை இறக்க ஸ்ப்ரிங் மட்டும் மாத்தினா போதுமா?

வேன்வாசி (பர்மிங்ஹாம்):
வணக்கம் மக்களே. என்கிட்ட 2011 ஃபோக்ஸ்வேகன் டிரான்ஸ்போர்ட்டர் டி5, டி30 மாடல் இருக்கு. பாப்டாப் (மேல தூக்கற கூரை), பெட், கிச்சன், ரெண்டாவது பேட்டரின்னு எல்லாம் ஏத்தியாச்சு. மோட்டர்வேல லாரி தாண்டிப் போனா ஆடுது, ரவுண்டபவுட்ல சாயுது, பாக்கவும் ஒட்டகம் மாதிரி நிக்குது. ஒரு 40 மில்லிமீட்டர் இறக்கலாம்னு இருக்கேன். ஐபாக் கம்பெனியோட இறக்கற ஸ்ப்ரிங் மட்டும் போட்டு பழைய ஷாக் அப்சார்பரையே ஓட்டலாமா, இல்ல காயிலோவரே (உயரத்தை மாத்தற மாதிரி ஸ்ப்ரிங்கும் ஷாக்கும் சேர்ந்த செட்) வாங்கிடலாமா? சின்னப் பசங்க வருவாங்க, ரொம்ப குலுங்கக் கூடாது.

லோரைடர்_குமார்:
ப்ரோ காயிலோவர் போட்டு 70 இறக்கு, செம கெத்தா இருக்கும் 🔥

பழைய_மெக்கானிக் (லண்டன்):
தம்பி, 70 இறக்கினா கேம்ப்சைட் புல்லுத்தரையிலயும் ஸ்பீட் பம்பிலயும் அடி உரசும், முன்னுக்கு வீலைச் சுத்துற டிரைவ்ஷாஃப்டும், வேன் சாயாமப் பிடிக்கிற ஆன்டி ரோல் பாரில முட்டப் பாக்கும், அது ஷோவுக்குப் போற வேனுக்குச் சரி. நீங்கள் முதல்ல சாமான், தண்ணி, பிள்ளையள் எல்லாத்தோடயும் வேனை வே பிரிட்ஜில (வாகனம் நிறுக்கிற தராசில) ஏத்தி முன் ஆக்சில், பின் ஆக்சில் ரெண்டையும் தனித்தனியா நிறுத்துப் பாருங்கோ. டி30 எண்டா சாமானோட சேத்து மொத்தம் 3000 கிலோ வரைக்கும்தான், 50 லிட்டர் தண்ணி எண்டாலே 50 கிலோ. ஸ்ப்ரிங் பேப்பரில எந்த ஆக்சில் லோடு வரைக்கும் எண்டு போட்டிருப்பினம், அதைப் பாத்து வாங்குங்கோ. வெறும் பேனல் வேனுக்கான ஸ்ப்ரிங்கைப் போட்டா 40 எண்டு இறக்கினது பின்னுக்கு இன்னும் கூட இறங்கி பம்ப் ஸ்டாப்பிலயே (சஸ்பென்ஷன் கடைசியா முட்டுற ரப்பரில) குந்திக்கொண்டு நிக்கும், பிறகு ஒவ்வொரு குழியும் முதுகில அடிக்கும்.

ஷாக்கும் மாத்தத்தான் வேணும். ஸ்ப்ரிங் இறுக்கமா இருக்கும், பழசான ஷாக்கால அது திரும்பி எழும்புறதைப் பிடிக்க ஏலாது, வேன் துள்ளிக்கொண்டே போகும். பில்ஸ்டீன் கம்பெனி ஷாக்கில பி6 எண்டா ஒரிஜினல் உயரத்துக்கு, பி8 எண்டா இறக்கின ஸ்ப்ரிங்குக்கு எண்டே கட்டையாச் செய்தது. உங்களுக்கு பி8.

வேன்வாசி:
ரொம்ப நன்றிண்ணா. காயிலோவர் வேணாம்னு சொல்றீங்களா?

பழைய_மெக்கானிக்:
கூடாது எண்டில்ல, உயரத்தைக் கூட்டிக் குறைக்கலாம், ஆனா பில்ஸ்டீன்ர காயிலோவர் பி14ல ஷாக்கின்ர இறுக்கத்தை மாத்த ஏலாது, பி16லதான் ஏலும். பிள்ளையளோட போற வேனுக்கு அந்தக் காசு எனக்கு வீண் எண்டுதான் படுது.

ரோட்டோர_டீ:
சாயறதுதான் தொல்லைன்னா இறக்கறதுக்கு முன்னாடி தடியான ஆன்டி ரோல் பார் மட்டும் போட்டுப் பாருங்க, பாப்டாப் வெயிட் மேல இருக்கறதால வித்தியாசம் நல்லாவே தெரியும். இறக்கினீங்கன்னா நாலு வீல் அலைன்மென்ட் கண்டிப்பா பண்ணணும், இல்லேன்னா பின் டயர் உள்பக்கமா தேயும், வெளியில இருந்து பாத்தா தெரியவே தெரியாது. ஹெட்லைட் மட்டமும் மாறும், எம்ஓடில (வருஷா வருஷம் பண்ற வண்டி டெஸ்ட்) அதையும் பாப்பாங்க. இன்சூரன்ஸ்காரங்களுக்கு முதல்லயே சொல்லிடுங்க, சொல்லாம விட்டா க்ளெய்ம் அப்போ சிக்கல். அப்புறம் முன் ஸ்ட்ரட்டைக் (ஸ்ப்ரிங்கும் ஷாக்கும் சேர்ந்த பாகம்) கழட்டும்போதே அதோட மேல் நுனில இருக்கற டாப் மவுன்ட்டையும் புதுசா போட்டுடுங்க, தனியா மாத்தப் போனா அதே லேபர் சார்ஜ் இன்னொரு தடவை.